காப்பகத்திலிருந்து வளர்ந்த நாட்டு நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நாய் தத்தெடுக்க வரும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. குட்டிகளைப் பற்றியவை அல்ல. ஒன்றரை வயது தாண்டிய, இன்ன இனம் என்று சொல்ல முடியாத, நம் ஊரில் கம்போங் நாய் என்று அழைக்கப்படும் நாய்களைப் பற்றியவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

வளர்ந்த நாய் நம்மகிட்ட ஒட்டுமா? குட்டியிலிருந்து வளர்த்தாத்தானே பாசம் வரும்?

ஒட்டும். வேளைக்குச் சோறு வைப்பவர், தினமும் நடக்க அழைத்துப் போகிறவர், கத்தாமல் பேசுகிறவர் யாரோ அவரிடம் நாய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வயது தடையில்லை. சில நாய்களுக்கு ஒரு வாரம் போதும், பயந்த நாய்களுக்கு மூன்று மாதம் பிடிக்கும்.

வளர்ந்த நாயில் ஒரு பெரிய வசதி உண்டு. அது எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு குரைக்கும், பிள்ளைகளைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் இப்போதே கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாதக் குட்டி 10 கிலோவில் நிற்குமா 28 கிலோவுக்குப் போகுமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பும் வீட்டில் குட்டியை வைத்துச் சமாளிப்பது மிகக் கடினம். அந்த வீட்டுக்கு மூன்று வயது நாய்தான் சரி.

காப்பகத்துல இருக்குன்னா ஏதோ குறை இருக்குன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் குறை நாயிடம் இல்லை. வீட்டுக்காரர் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) மாறியிருப்பார், வெளிநாட்டுக்குப் போயிருப்பார், காலமாகியிருப்பார். கட்டுமானத் தளத்திலும் உணவுக்கடைகளின் பின்பக்கத்திலும் பிறந்து, பிடித்துக் கொண்டுவரப்பட்ட நாய்களும் உண்டு. கட்டியே கிடந்ததால் பயந்தவை, சோற்றுத் தட்டைக் காக்கிறவை, பூனையைத் துரத்துகிறவை என்று சிலவற்றுக்குப் பழக்கச் சிக்கல் இருக்கத்தான் செய்யும். தினமும் கூண்டு கழுவுகிற ஊழியருக்கு அது தெரியும். நேரடியாகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். திரும்பி வரும் நாய் அவர்களுக்கும் வேதனைதான்.

எங்க போய்ப் பார்க்கலாம்? என்னென்ன கொண்டுபோகணும்?

தலைநகர்ப் பக்கம் அம்பாங்கில் எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) சிலாங்கூர் இருக்கிறது, சுபாங் பக்கம் பாவ்ஸ் என்ற காப்பகம் இருக்கிறது. பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜெலுத்தோங்கில் எஸ்.பி.சி.ஏ. பினாங்கு. இவை தவிர தனியார் நடத்தும் சிறு காப்பகங்களும் பல உண்டு. பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

மைகார்டு (அடையாள அட்டை), முகவரி காட்டும் மின்கட்டண ரசீது, வீட்டு கேட்டையும் வேலியையும் நான்கு பக்கமிருந்து எடுத்த படங்கள், வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். இவை கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். சில காப்பகங்கள் வீட்டை வந்து பார்த்த பிறகே நாயைத் தருவார்கள். தத்தெடுப்புக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கருத்தடையும் தடுப்பூசியும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒருமுறையாவது வந்து நாயைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போன நாய்கள்தான் அடுத்த வாரமே திரும்பி வருகின்றன.

வரிசையா எல்லாக் கூண்டுலயும் குரைக்குது. எதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

கூண்டில் பார்ப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கம்பியில் ஏறிக் குரைக்கிற நாய் வெளியே வந்ததும் சாந்தமாகிவிடலாம். மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற நாயைப் பார்த்து அடக்கமான நாய் என்று நினைப்பார்கள், உண்மையில் அது பயத்தில் உறைந்து போயிருக்கலாம். ஊழியரிடம் சொல்லி வெளியே கொண்டுவரச் செய்து, 15 அல்லது 20 நிமிடம் நடத்திப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வெளியே வந்த பரபரப்பு அது. அதற்குப் பிறகு உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா, கையில் கொடுத்த கோழித்துண்டை வாங்குகிறதா என்று கவனியுங்கள். பயத்தின் உச்சத்தில் இருக்கும் நாய் எவ்வளவு பசித்தாலும் வாங்காது.

பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, தலைக்கு மேலே கை நீட்டாமல் தாடைக்குக் கீழே தடவிப் பாருங்கள். நிறுத்தியதும் இன்னும் வேண்டும் என்று சாய்கிறதா, விலகுகிறதா? விலகினால் கெட்ட நாய் என்று பொருளில்லை. ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. மோட்டார் சைக்கிள், துடைப்பம், விரித்த குடை, தொப்பி போட்ட ஆண்கள் இவற்றைக் கண்டால் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஊழியரிடம் கேட்க வேண்டியவை: எப்படி வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது, மற்ற நாய்களோடு ஒரே கூண்டில் இருந்திருக்கிறதா, சாப்பிடும்போது உறுமுமா, வேலி தாண்டியதுண்டா, இரத்தப் பரிசோதனை செய்தார்களா. முடிந்தால் இன்னொரு நாள் வேறு நேரத்தில் போய் அதே நாயைப் பாருங்கள்.

கறுப்பு நாய் வீட்டுக்கு ஆகாதுன்னு பாட்டி சொல்றாங்க.

பைரவருக்கு வாகனமே நாய்தான். அதுவும் பெரும்பாலும் கறுப்பாகவே வரைகிறார்கள். பாட்டியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். காப்பகங்களில் கறுப்பு நாய்கள் மற்றவற்றைவிட அதிக காலம் காத்துக் கிடப்பதாகச் சொல்வதுண்டு. இருட்டுக் கூண்டில் முகம் தெரிவதில்லை, படம் எடுத்தாலும் விழுவதில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லைசென்ஸ் கட்டாயமா? கொண்டோவுல வளர்க்கலாமா?

கட்டாயம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எந்த ஊராட்சி மன்றத்தின் கீழ் வருகிறீர்களோ அங்கே எடுக்க வேண்டும். செந்தூல் என்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றம், பத்து மலைப் பக்கம் என்றால் செலாயாங் நகராண்மைக் கழகம், அம்பாங் ஜெயாவுக்குத் தனி நகராண்மைக் கழகம். ஒரு வீட்டுக்கு எத்தனை நாய் என்ற வரம்பு வீட்டின் வகைக்கும் மன்றத்துக்கும் ஏற்ப மாறும், ஆகவே பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை நம்பிப் போக வேண்டாம். கிடைக்கும் பில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டுங்கள். நாய் தப்பியோடி, மன்றத்தின் நாய் பிடிப்பவர்களிடம் சிக்கினால், வீட்டு நாய் என்பதற்கு அதுதான் உடனடிச் சான்று.

அடுக்குமாடிக்கு விதிகள் கடுமையானவை. நிர்வாகக் குழுவின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. சம்மதம் கிடைத்தாலும் பெரும்பாலும் சிறிய இன நாய்களுக்கு மட்டும்தான். 15 கிலோ கம்போங் நாயை ஒளித்து வளர்ப்பது, ஒரே ஒரு புகாரில் அதைத் திரும்பக் காப்பகத்துக்கு அனுப்புவதில் முடியும். தரைவீடு இல்லையென்றால் காத்திருங்கள்.

காவலுக்குத்தான் வேணும். வெளியில சங்கிலியில கட்டிப் போட்டா போதாதா?

போதாது. காரணம் தெரிந்தால் நீங்களும் கட்ட மாட்டீர்கள். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய்க்குப் பயந்தால் ஓட வழியில்லை, ஆகவே எதிர்க்கப் பழகுகிறது. கடைசியில் திருடனைக் கடிக்காமல், விளையாடப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். வீட்டுக்குள் வந்துபோகும் நாய் அந்நியர் சத்தத்துக்குத் தானாகவே குரைக்கும், அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. காவலுக்கு அந்தக் குரைப்பே போதும்.

2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டத்தில் வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. வெயிலில் தண்ணீரின்றிக் கட்டிப்போடுவது சாதாரண விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவர்ற முதல் நாள் என்ன செய்யணும்?

கேட்டைப் பாருங்கள். தத்தெடுத்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான். காரை வெளியே எடுக்க ஆட்டோ கேட்டை அழுத்துகிறோம். அது முழுதாகத் திறந்து மூடுவதற்குள், இன்னும் தன் பெயர்கூடப் பழகாத நாய் அடுத்த தாமானுக்கு (குடியிருப்புக்கு) ஓடிவிடும். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலை நுழைகிற இடைவெளி இருந்தால் கம்பிவலை கட்டுங்கள், கேட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள். கார் வரும்போதும் போகும்போதும் நாய் உள்கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சட்டமாக்குங்கள். முதல் மாதம் வீட்டு வாசலிலும் கயிறில்லாமல் விட வேண்டாம்.

பயந்த நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். வெளியே போகும்போது பட்டையில் ஒரு கயிறு, ஹார்னஸில் (மார்புப் பட்டையில்) ஒரு கயிறு என்று இரண்டாக மாட்டினால் ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் முதல் நாளே இருக்கட்டும். தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருந்தால் அது எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள். அது 15 இலக்க எண் மட்டுமே. நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது.

காரில் பின்னிருக்கையில் ஒருவர் கூட உட்கார்ந்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் சிறுநீர் கழிக்கும் இடத்தைக் காட்டுங்கள். பிறகு ஒரு மூலை, பாய், தண்ணீர். அவ்வளவுதான். சித்தி, மாமா, அக்கம்பக்கம் எல்லாரையும் அழைத்து நாயைக் காட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். குளிப்பாட்டுவதையும் இரண்டு மூன்று நாள் தள்ளுங்கள்.

வந்து ரெண்டு நாளாச்சு, சாப்பிடவே மாட்டேங்குது, மேசைக்கு அடியிலயே கெடக்குது.

இது வழக்கம்தான். முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில் உண்மைக் குணம் தெரியும் என்று காப்பகங்களில் சொல்வார்கள். அது ஓரளவு சரியான கணக்கு. மேசைக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அருகே தட்டை வைத்துவிட்டு அகன்றுவிடுங்கள், 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். காப்பகத்தில் தின்ற அதே தீவனத்தை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்திருந்தால் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் வராது.

தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி, இரத்தம் கலந்த பேதி, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் பயம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

நம்ம வீட்டுச் சாப்பாடு போடலாமா? நாங்க சைவம்.

சாம்பார், குழம்பு, பிரியாணி மிச்சம் எதுவும் வேண்டாம். காரத்தைவிட வெங்காயமும் பூண்டும்தான் ஆபத்து, அவை இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட்டும் கூடாது.

15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். சாதாரண உலர் தீவனத்தில் அது 240 கிராம் அளவு, இரண்டு வேளையாகப் பிரித்து. மாதத்துக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல். விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை என்றால் முழுமையான உலர் தீவனமே எளிய வழி. அடுப்படிக்குள் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. தயிர்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் நாய் உயிரோடு இருக்கும், ஆனால் சதை கரையும், முடி கொட்டும்.

எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு காப்பகத்துல சொன்னாங்க. அப்புறம் எதுக்குக் கிளினிக்?

தடுப்பூசி டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கு. நம் ஊரில் வளர்ந்த நாய்களைச் சாய்ப்பவற்றில் இரண்டுக்கு அந்த ஊசியில் பதில் இல்லை: உண்ணிக் காய்ச்சல், இதயப்புழு. இரண்டையும் ஒரு துளி இரத்தத்தில் கிளினிக்கிலேயே சோதித்துவிடலாம். முதல் வாரத்துக்குள் செய்யுங்கள்.

உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா என்ற கிருமி முக்கியமானது. சோர்வு, பசியின்மை, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, மூக்கில் இரத்தம் ஆகியவை அறிகுறிகள். டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டும். நாய் ஐந்தாம் நாளே துள்ளத் தொடங்கும், வீட்டார் மாத்திரையை நிறுத்துவார்கள், காய்ச்சல் மீண்டும் வரும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

இதயப்புழு கொசுவால் பரவுகிறது. கடித்து ஏறக்குறைய ஆறு மாதம் கழிந்த பிறகே சோதனையில் தெரியும் என்பதால், இன்று இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். மாதாமாதம் தடுப்பு மருந்து வாழ்நாள் முழுக்க உண்டு. சோதிக்காமல் தொடங்கக் கூடாது. புழு ஏற்கெனவே இருந்தால் சில மருந்துகள் விபரீதமாகும்.

வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தென்பட்டது, சரவாக்கில் 2017-இல் தொடங்கிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. தலைநகரில் இருந்தாலும் அந்த ஊசியையும் போட்டுவிடுங்கள். இன்னொன்று: காய்ச்சலென்று நாய்க்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள். ஈரலைக் கெடுத்துவிடும். கிளினிக்கில் கைவிரித்த சிக்கலான நோய்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

தினமும் உண்ணி எடுக்கிறோம், மறுபடி வருது. சுவத்துல கூட ஏறுது.

நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிறது. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் வெப்பத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆகவே நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையை (நெக்ஸ்கார்டு மாதம் ஒருமுறை, பிரவெக்டோ ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை) இடைவெளி விடாமல் கொடுத்துக்கொண்டே, வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள், பாயை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். குறைந்தது மூன்று மாதம். வலிப்பு வரும் நாய் என்றால் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைத் தெளிக்காதீர்கள், பூனை இறந்துவிடும்.

எடுத்த உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம். சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள்.

பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். சங்கடம் வராம எப்படி வளர்க்கிறது?

நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் வராது. நாய் வருவதற்கு முன்பே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொதுச்சுவர் பக்கம் சிறுநீர் கழிக்கும் இடம் வைக்காதீர்கள். கழுவிய தண்ணீர் அவர்கள் வாசல் பக்கம் ஓடக் கூடாது. விடியற்காலை சுபுஹ் தொழுகைக்குச் சுராவ் எனும் சிறு தொழுகைக்கூடத்துக்கு நடந்துபோகும் நேரத்தில் அந்தச் சாலையைத் தவிர்த்து நடத்துங்கள், எதிரே வந்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து நீங்கள் ஒதுங்குங்கள். பல ஆண்டு நல்லுறவு இப்படித்தான் நிலைக்கிறது.

தீபாவளிப் பட்டாசுக்கு என்ன செய்யிறது?

தீபாவளி மட்டுமில்லை. சீனப் பெருநாள் முந்தைய இரவும், ஹொக்கியன் சீனர்கள் கொண்டாடும், அப்பெருநாளின் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய நள்ளிரவும் இன்னும் மோசம், பினாங்கில் மிக அதிகம். மாலை ஆறுக்குள் நடத்திச் சாப்பாடு கொடுத்து, சன்னல் குறைந்த அறையில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் போட்டு வையுங்கள். பயத்தில் ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளலாம், பயம் அதனால் அதிகமாகாது. கேட்டுக்கு முதல் நாள் சொன்ன அத்தனை எச்சரிக்கையும் இன்றும் வேண்டும். நடுங்கி எச்சில் ஒழுகும் நாய்க்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து கேளுங்கள். மனிதர் போடும் தூக்க மாத்திரை கூடாது.

சாப்பிடும்போது பையன் கிட்ட போனான், உறுமிருச்சு. அடிச்சுத் திருத்தலாமா?

அடிக்காதீர்கள். உறுமல்தான் நாய் தரும் எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்தமுறை உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். முன்னறிவிப்பின்றிக் கடித்தது என்று சொல்லப்படும் நாய்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இன்றிலிருந்து கதவு மூடிய அறையில் தனியாகச் சாப்பிடட்டும். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் அங்கே போகக் கூடாது. பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்து, நாய் விறைக்காத இடத்தில் நின்று, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டை நோக்கி வீசிவிட்டு விலக வேண்டும். நாள்போக்கில் ஓரடி ஓரடியாக நெருங்கலாம். ஆள் வந்தால் தட்டு போகாது, கூடுதலாகக் கிடைக்கும் என்று நாய்க்குப் பதிய வேண்டும். நாய் விறைத்தாலோ, வேகமாக விழுங்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு. சண்டை போடாதா?

வீட்டுக்குள் சந்திக்க வைத்தால் போடும். தாமான் திடல் போன்ற பொது இடத்தில், ஆளுக்கொரு நாயாக, பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். இரண்டும் தரையை முகரத் தொடங்கிய பிறகு இடைவெளியைக் குறையுங்கள். அப்படியே சேர்ந்து வீட்டுக்குள் நுழையட்டும். தட்டு, பாய், பொம்மை எல்லாம் தனித்தனி. முதல் மாதம் நீங்கள் வீட்டில் இல்லாதபோது இரண்டையும் பிரித்து வையுங்கள்.

எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கணும்? ஒத்துவரலன்னா?

மூன்று மாதம். ஒளிந்துகொள்வது, வீட்டுக்குள் சிறுநீர், செருப்பைக் கடிப்பது ஆகியவை அதற்குள் பெரும்பாலும் அடங்கும். பிள்ளையைக் கடித்தது, ஏற்கெனவே இருக்கும் நாயை இரத்தம் வரக் கடித்தது என்றால் காத்திருக்க வேண்டாம்.

எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தத்தெடுப்புத் தாளில் பெரும்பாலும் அந்த நிபந்தனை இருக்கும். சந்தைப் பக்கமோ எஸ்டேட்டிலோ இறக்கிவிட்ட நாய் உணவு தேடத் தெரியாமல் சாலையில் அடிபடும், அல்லது அங்கிருக்கும் கூட்டம் கடித்துக் குதறும். தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் கைமாற்றிவிடவும் வேண்டாம், கடைசியில் அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போகும். திருப்பும்போது வெட்கப்பட்டு மறைக்காமல், எப்போது உறுமியது, எதற்குப் பயந்தது, என்ன தின்றது, வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் இருந்தது, என்ன மருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வரும் குடும்பத்திடம் ஊழியர் அந்தத் தாளைத்தான் காட்டுவார்.